புகையானும் அதன் எதிரிகளும்

(ஒரு விவசாய டெமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

சம்பாப் பயிர் கதிர் வாங்கிப் பால் பிடிக்குந் தறுவாயில், பச்சைப் பசேலென நின்ற வயலின் நடுவே வண்டிச் சக்கரம் அளவில் ஒரு வட்டம் பழுப்பேறுவதும், சில தினங்களில் அவ்வட்டம் களத்தளவு விரிந்து, தீயில் பொசுக்கியதுபோல் பயிர் காய்ந்து சாய்வதும் நம் நெல் ஜில்லாக்களில் குடியானவர்கள் கண்டறிந்த காட்சியாகும். புகையான் என்னும் சிறு பூச்சி பயிரின் அடித்தண்டில் கூட்டங் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதே இதற்குக் காரணம். மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படாது. குனிந்து குத்தை விலக்கிப் பார்ப்பவருக்கே தெரியும்.

இவ்வாறு பயிரை இழந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நேற்று வரையில் இல்லாத பூச்சி இன்று இத்தனை லட்சம் எங்கிருந்து வந்தது?” காற்றில் வந்தது என்பர் சிலர்; மூடாக்கு மேகத்தால் வந்தது என்பர் வேறு சிலர். சிறிது வந்ததும் உண்மையே. ஆயினும் வயலைக் கருக்கிய பூச்சிகளில் பெரும்பகுதி அவ்வயலிலேயே பிறந்து வளர்ந்தவை. அவை பிறந்தது வியப்பன்று. எல்லா வயல்களிலும் எல்லாப் பருவங்களிலும் அவை பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. பிறந்தவை ஏன் சாகவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம். ஜீவராசிகள் ஒன்றை ஒன்று சார்ந்து பெருகுவதும் குறைவதும் எவ்வாறு என்பதை அறிந்தால், இதற்கு விடை கிடைப்பதோடு மருந்துச் செலவில் ஒரு பகுதியும் மிச்சமாகும்.

பூச்சியின் கணக்கு

புகையான் பெண்பூச்சி ஒன்று தன் ஆயுளில் நூறு முதல் முந்நூறு வரையில் முட்டையிடும். முட்டைகளை இலையுறையைக் கீறி அதன் உள்ளே வைக்கும். ஏழு முதல் ஒன்பது நாட்களில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்து, இரண்டு வாரத்தில் முழுப் பூச்சியாகும். முட்டையிலிருந்து மறுபடியும் முட்டை வரையில் சுமார் ஒரு மாதம் என்று கொள்ளலாம். ஆகவே நட்டது முதல் அறுப்பு வரையில் ஒரே வயலில் மூன்று தலைமுறை நடைபெறக்கூடும்.

கணக்கின் வசதிக்காக ஒரு பெண்பூச்சிக்கு 200 முட்டை என்றும், அதில் பாதி பெண் என்றும் வைத்துக்கொள்வோம். யாவும் பிழைக்குமானால் முதல் தலைமுறையில் 100 பெண்கள்; இரண்டாவதில் 10,000; மூன்றாவதில் 10 லட்சம். இங்ஙனம் நடக்குமானால் உலகில் நெல் என்ற பயிரே மிஞ்சியிராது. மிஞ்சியிருப்பதால், பிறந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை வளருமுன்னே மடிகின்றன என்பது வெளிப்படை.

200 முட்டைகளில் 198 அழிந்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு மட்டும் பிழைத்தால் பூச்சியின் தொகை ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அதாவது 100-க்கு 99 இறந்தால்தான் தொகை நிலைத்து நிற்கும். 99-க்குப் பதில் 98 இறந்தால் என்ன ஆகும்? இரண்டுக்குப் பதில் நான்கு பிழைக்கும். தலைமுறைக்குத் தலைமுறை தொகை இரட்டிக்கும். 95 இறந்து ஐந்து பிழைத்தால் தலைமுறைக்கு ஐந்து மடங்காகி, மூன்று தலைமுறையில் 125 மடங்காகும். பத்துக் குத்துக்கு ஒரு பூச்சி இருந்த வயலில், குத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்கும்.

நூற்றுக்கு 95 இறப்பது என்பது கேட்பதற்குப் பெரிய அழிவாகத் தோன்றும். ஆயினும் அந்த அளவு அழிவு பூச்சி பெருகுவதைத் தடுக்கப் போதாது. ஆதலின் சாவின் விகிதத்தில் நேரும் மிகச் சிறிய குறைவே பின்னர் பெரிய நாசமாக வளர்கிறது. இதை மனத்திற் கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

பெருக்கத்தைத் தடுப்பவை

எந்த ஜீவராசியின் பெருக்கத்தையும் தடுப்பவை முக்கியமாக மூன்று.

முதலாவது, இரையும் இடமும். கூட்டம் மிகுந்து சாறு குறைந்தால் புகையானிடத்தில் ஒரு மாறுதல் உண்டாகிறது. இரை மிகுந்த காலத்தில் குட்டைச் சிறகுள்ள பூச்சிகளே அதிகம். இவை பறக்கமாட்டா, ஆனால் அதிகமாக முட்டையிடும். நெரிசல் வந்ததும் நீண்ட சிறகுள்ளவை தோன்றிப் பறந்து சென்று வேறு வயலைத் தேடும். இது பூச்சிக்கு ஒரு தடையே. ஆனால் இத்தடை வேலை செய்யத் தொடங்கும் வேளையில் நம் பயிர் முடிந்துபோயிருக்கும். ஆகையால் இதனால் நமக்குப் பயனில்லை.

இரண்டாவது, சீதோஷ்ணம். மழை, வெயில், காற்று இவற்றால் பூச்சிகள் சாவதுண்டு. இவை நம் கையில் இல்லை. தவிரவும், பூச்சி பத்தாயினும் பத்தாயிரமாயினும் இவற்றால் சாகும் விகிதம் ஏறக்குறைய ஒன்றே.

மூன்றாவது, இயற்கை எதிரிகள். பூச்சி மிகுந்தால் இவையும் அவ்விடத்தே கூடி மிகுதியாகத் தின்கின்றன. இரை மிகுந்ததால் குஞ்சும் மிகுதியாகப் பொரிக்கின்றன. பூச்சி குறைந்தால் இவையும் கலைந்து போகின்றன. வேண்டும்போது இறுக்கவும் வேண்டாதபோது தளர்த்தவும் தெரிந்த கடிவாளம் இது ஒன்றே. பயிர் கருகுமுன்னரே வேலை செய்வதும் இதுவே.

வயலின் காவலாளர்

புகையானைத் தின்னும் உயிர்கள் பல. நம் வயல்களில் எளிதில் காணக்கூடியவை இவை.

ஓநாய்ச் சிலந்தி: வலை பின்னாது, குத்தின் அடியிலும் நீரின் மேலும் ஓடியாடி வேட்டையாடும். முதுகில் முட்கரண்டி போன்ற கோடு இருக்கும். நாள் ஒன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து இரை வரையில் கொல்லும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்வதையும், குஞ்சுகளை முதுகில் சுமந்து திரிவதையும் களை பறிக்கும் பெண்கள் நன்கு அறிவார்கள்.

பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி: பச்சையும் கறுப்புமான சிறு பூச்சி. புகையானைப் போன்றே இருப்பதால் இதையும் விரோதி என்று எண்ணிப் பலர் அஞ்சுகின்றனர். இதன் முக்கிய ஆகாரம் புகையான் இலையுறைக்குள் வைத்த முட்டை. நாள் ஒன்றுக்கு ஏழு முதல் பத்து முட்டைகளை உறிஞ்சிவிடும். மருந்து எட்டாத இடத்திலுள்ள முட்டையை எட்டுவதால் இது மிகவும் அருமையான நண்பன்.

இவையன்றி, முட்டைக்குள் தன் முட்டையை இடும் கண்ணுக்கெட்டாத ஒட்டுண்ணிக் குளவிகள், பொறிவண்டுகள், நீரின் மேல் ஓடும் சிறு பூச்சிகள், ஊசித்தட்டான்கள் முதலியனவும் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு பருவத்துப் புகையானைத் தாக்குகின்றது. முட்டையில் தப்பியது குஞ்சில் அகப்படுகிறது. குஞ்சில் தப்பியது முழுப்பூச்சியில் அகப்படுகிறது. மேற்சொன்ன 198-இல் பெரும்பங்கு இவ்வாறே கழிகிறது.

இவை புகையானை அடியோடு ஒழிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒழிப்பது நமக்கு நன்மையும் அன்று. இரை முற்றிலும் அற்றுப்போன வயலில் காவலாளனும் தங்கமாட்டான். தூருக்கு ஒன்றும் தேறாத சிறு தொகை பயிருக்குக் கேடு செய்யாது. அதுவே எதிரிகளுக்கு நாம் அளிக்கும் படியளப்பு என்று கொள்ளலாம்.

எதிரி இல்லாத பூச்சியின் கதை

எதிரிகளின் உதவி எவ்வளவு பெரிது என்பதை, அவை இல்லாத இடத்திலேதான் தெளிவாகக் காணலாம். நம் ராஜ்யத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 2008-ஆம் வருஷம் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. அதன் பிறப்பிடம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். அங்கே அது சாதாரணப் பூச்சி. இங்கே வரும்போது தன் எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் வந்தது. இரண்டு வருஷத்துக்குள் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பல பயிர்களில் வெள்ளை மாவு பூசியதுபோல் அப்பிக்கொண்டது. மெழுகுப் பூச்சு அதைக் காத்தமையால், திரும்பத் திரும்ப மருந்தடித்தும் அடங்கவில்லை. மல்பெரித் தோட்டங்களை வெட்டி எறிந்த பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள் பலர்.

2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அகெரோபேகஸ் என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின் நம் ஜில்லாக்களில் விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே அழிப்பது இக்குளவியின் இயல்பு. மருந்தினால் முடியாததைக் குளவி சில மாதங்களில் முடித்தது. மாவுப்பூச்சி இன்றும் இருக்கிறது. ஆனால் குளவியும் இருப்பதால் அது தலையெடுப்பதில்லை.

புகையானைப் பொறுத்த மட்டில் நாம் வெளிநாட்டிலிருந்து எதையும் தருவிக்க வேண்டுவதில்லை. அதன் எதிரிகள் நம் வயலிலேயே இருக்கின்றன. இருப்பவற்றை நாமே கொல்லாதிருந்தால் போதும்.

காவலாளர் காத்திருக்கும் காலம்

நட்டு முதல் மாதத்தில் வயலில் புகையான் அரிது. அப்படியானால் சிலந்தி முதலியன அக்காலத்தில் எதைத் தின்று பிழைக்கின்றன? ஜாவா தீவில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 1996-இல் வெளியாகி இதை விளக்கிற்று. சேற்றில் மட்கும் தழையையும் தொழு எருவையும் நீரிலுள்ள பாசியையும் தின்று சிறு கொசு போன்ற பூச்சிகள் ஏராளமாகப் பிறக்கின்றன. இவை பயிரைத் தொடுவதில்லை, மனிதரைக் கடிப்பதுமில்லை. பயிருக்கு நன்மையும் தீமையும் செய்யாத இப்பூச்சிகளே ஆரம்ப காலத்தில் சிலந்திகளுக்கு ஆகாரம். அவற்றைத் தின்று சிலந்திகள் முன்கூட்டியே பெருகி நிற்கின்றன. பின்னால் புகையான் வரும்போது காவலாளர் ஏற்கெனவே அணிவகுத்திருக்கின்றனர்.

நம் முன்னோர் தொழியில் தழையும் எருவும் இட்டு மிதித்தது மண்ணின் வளத்துக்காக. அதுவே வயலின் காவலுக்கும் அடிப்படையாக இருந்தது என்பதை இப்போது அறிகிறோம். நட்டு முப்பது நாற்பது நாளுக்குள் அடிக்கும் மருந்து இந்த அடிப்படையையே குலைத்துவிடுகிறது.

மருந்து அடித்தால் நேர்வது

பலவகைப் பூச்சிகளையும் ஒருங்கே கொல்லும் மருந்தை வயலில் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். புகையான் இறக்கிறது, சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் குளவியும் இறக்கின்றன. இருதரப்பும் சமமாக இறந்ததால் நிலைமை சமமாகவே இருக்கும் என்று தோன்றலாம். அது தவறு. காரணங்கள் மூன்று.

ஒன்று: புகையான் அடித்தண்டில் மறைந்திருக்கிறது, மருந்து பெரும்பாலும் மேலிலையிலே தங்கிவிடுகிறது. முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஒரு வாரத்தில் அவை பொரித்து வெளிவரும்போது, தின்பதற்கு ஆளில்லை.

இரண்டு: புகையானுக்குத் தலைமுறை ஒரு மாதம். ஓநாய்ச் சிலந்தியின் ஆயுள் மூன்று நான்கு மாதம். அது நிதானமாகவே பெருகும். விழுந்தவர் இருவரில் புகையானே முதலில் எழுந்து நிற்கிறது.

மூன்று: புகையானின் ஆகாரம் நெல். மருந்து நெல்லைக் குறைப்பதில்லை. ஆகவே எஞ்சிய புகையானுக்கு இரைப் பஞ்சம் இல்லை. சிலந்தியின் ஆகாரம் புகையானும் மற்றப் பூச்சிகளும். மருந்து அவற்றைக் குறைத்துவிட்டது. ஆகவே எஞ்சிய சிலந்தி பட்டினி கிடக்கிறது. மருந்தினால் ஒரு சாவு, பசியினால் ஒரு சாவு என்று காவலாளனுக்கு இருமுறை நஷ்டம்.

இந்த மூன்றாவது காரணத்தை முதலில் கண்டது நெல் வயலில் அன்று, கடலில். நெல்லுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் நினைக்கலாம், நியாயம் ஒன்றே. ஏட்ரியாடிக் கடற்கரையிலுள்ள பியூமே துறைமுகத்தில் விற்பனைக்கு வந்த மீன்களில், சுறா முதலிய இரைதேடும் மீன்கள் 1914-இல் 100-க்கு 12 பங்காக இருந்தன. முதல் உலக யுத்தத்தினால் மீன்பிடிப்புக் குறைந்தது. 1918-இல் அவை 100-க்கு 36 பங்காக உயர்ந்தன. யுத்தம் ஓய்ந்து மீன்பிடிப்பு மறுபடி நடக்கவே, 1923-இல் 11-க்கு இறங்கின. இவ்விவரங்களைத் தொகுத்த உம்பெர்ட்டோ டான்கோனா, தம் மாமனாரும் பெரிய கணித நிபுணருமான விட்டோ வால்டேராவிடம் காரணம் கேட்டார். 1926-இல் வால்டேரா கணக்கிட்டுக் காட்டிய முடிவு யாதெனில், தின்பதையும் தின்னப்படுவதையும் ஒரே விகிதத்தில் கொன்று வந்தால், தின்பது குறையும். தின்னப்படுவது பெருகும் என்பதே. கடலில் வலை செய்ததையே வயலில் மருந்து செய்கிறது.

இதுவுமன்றி, செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளும் குவினால்பாஸ் போன்றவையும் புகையானை மறுபடி பெருகச் செய்வதாகப் பரிசோதனையில் கண்டிருக்கின்றனர். சிலவகை மருந்துகள் சாகாத அளவில் படும்போது, தப்பிய பெண்பூச்சி முன்னிலும் அதிகமாக முட்டையிடுவதும் உண்டு.

நான் கற்ற பாடம்

உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் நான் செய்த பிழை ஒன்றை இங்கே சொல்லுவது தகும். ஒரு கிராமத்தில் என் யோசனைக்கு இணங்கிய நிலச்சுவான்தார் ஒருவரின் வயலில், நட்ட முப்பதாம் நாள் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டது. இலைகள் வெளுத்திருந்தன. நான் மருந்தடிக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து மறுபடியும் அடிக்கச் சொன்னேன். புழு போயிற்று, பயிர் தளதளவென்று நின்றது, என் பேச்சைக் கேட்டதற்காக அவரைப் பலரும் மெச்சினார்கள். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு விதவை அம்மாளின் வயல். மருந்துக்குக் கையில் பணமில்லாத காரணத்தால் அவர் ஒன்றும் அடிக்கவில்லை. அவருடைய பயிரில் சில இலைகள் வெளுத்தன. பிறகு புது இலை விட்டுத் தேறிவிட்டது.

கதிர் வந்த பின் என் யோசனையைக் கேட்டவரின் வயலில் வட்டம் விழுந்தது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். குத்தின் அடியெல்லாம் புகையான். சிலந்தி ஒன்றையும் தேடிக் காணவில்லை. அப்பால் சென்று அம்மாளின் வயலில் பார்த்தேன். அங்கும் புகையான் இருந்தது, ஆனால் கொஞ்சமே. காலடி வைக்குமிடமெல்லாம் சிலந்திகள் ஓடின. இரண்டும் ஒரே ரகம், ஒரே வாய்க்கால் நீர், ஒரே வாரத்து நடவு. நிலச்சுவான்தார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஐயா, அந்த அம்மாள் வயலுக்கு எந்த மருந்து அடித்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய விடையாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

நமக்கு நேர்ந்தது பிறருக்கும் நேர்ந்திருக்கிறது. 1960-க்குப் பின் புதிய குட்டை நெல் ரகங்களும், மிகுந்த தழைச்சத்து உரமும், பூச்சி மருந்தும் ஒருங்கே வந்த நாடுகளில், அதுவரை அற்பமாயிருந்த புகையான் முதன்மையான விரோதியாயிற்று. 1973-74-இல் கேரளத்துக் குட்டநாட்டில் பெரிய அழிவு நேர்ந்தது. 1973-இல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற ரகம் வெளிவந்தது. இந்தோனேஷியா முதலிய இடங்களில் இரண்டு மூன்று வருஷத்துக்குள் அந்த ரகத்தையும் தின்னவல்ல புகையான் பெருகிவிட்டது. தப்பிப் பிழைத்தவற்றின் சந்ததியே பின்னால் வயலை நிரப்பும் என்பது இதனால் விளங்கும். மருந்து விஷயத்திலும் இவ்வாறே. இமிடாகுளோபிரிட் என்ற மருந்துக்கு அடங்காத புகையான் 2000-க்குப் பின் ஆசியாவின் பல நாடுகளில் தோன்றியது.

இந்தோனேஷியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. மருந்து விலையில் பெரும்பகுதியைச் சர்க்காரே ஏற்றிருந்தமையால் குடியானவர்கள் தாராளமாக அடித்தார்கள். 1985-86-இல் ஜாவாவில் புகையான் பெருகிப் பயிர் கருகியது. 1986 நவம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்கு உபயோகிக்கக் கூடாதென உத்தரவிட்டார். மருந்துக்கான சர்க்கார் உதவியும் 1989-க்குள் நிறுத்தப்பட்டது. வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் குடியானவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. மருந்து குறைந்தது, நெல் விளைவு குறையவில்லை. 1994-இல் வியட்நாமின் மேகாங் டெல்டாவிலும், விதைத்த நாற்பது நாளுக்குள் இலைப்புழுவுக்கு மருந்து அடிக்க வேண்டாமென்று வானொலி மூலம் பிரசாரம் செய்தனர். அங்கும் மருந்தடிப்பு வெகுவாகக் குறைந்தது, மகசூலுக்குப் பழுதில்லை.

எண்ணிப் பார்க்கும் முறை

எதிரிகளை நம்பி வாளாவிருந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. காவல் முறிந்த வயலில் மருந்து அவசியமாகும். காவல் முறிந்ததா, இல்லையா என்பதை எண்ணியே அறிய வேண்டும்.

தூர் கட்டும் பருவம் முதல் வாரத்துக்கு ஒருமுறை காலையில் வயலில் இறங்கி, மூலைக்கு மூலை குறுக்காக நடந்து இருபது குத்துக்களைப் பார்க்கவும். குத்தைச் சற்றுச் சாய்த்து அடியில் கையால் தட்டினால் புகையான் நீரின்மேல் விழும். ஒவ்வொரு குத்திலும் தூர் எத்தனை, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று மூன்றையும் குறித்துக்கொள்ளவும். புகையானை மட்டும் எண்ணுவது, வரவை விட்டுச் செலவை மட்டும் எழுதிய கணக்குப் போன்றது.

சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் கண்டால் பரிகாரம் செய்ய வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருந்தால், தூருக்கு இரண்டு வரும் வரையில் பொறுக்கலாம். உதாரணமாக, இருபது குத்தில் 300 தூரும் 420 புகையானும் இருப்பதாகக் கொள்வோம். சிலந்தி 24 இருந்தால், 600 புகையான் வரையில் பொறுக்கலாமாதலால் மருந்து வேண்டாம்; நாலைந்து நாள் கழித்து மறுபடி எண்ணவும். சிலந்தி இரண்டு மூன்றே இருந்தால், அதே 420 அபாயமாகும், தாமதம் கூடாது. புகையானின் தொகை ஒன்றே; ஆயினும் இரண்டு வயலுக்கும் செய்ய வேண்டியது வேறு.

செய்யத்தக்கவை

1. தொழியில் பசுந்தாள் எருவும் மட்கிய தொழு எருவும் இடவும். காவலாளரின் முதல் ஆகாரம் அதிலிருந்தே உண்டாகிறது.

2. நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விடவும். அடித்தண்டுக்குக் காற்றும் வெளிச்சமும் செல்லும். பின்னர் மருந்தடிக்க நேரிட்டாலும் குத்தின் அடிக்கு எட்டும்.

3. தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து, இலையின் நிறம் பார்த்து இடவும். மிகையான தழைச்சத்து புகையானுக்கு அளித்த விருந்தாகும்.

4. நட்ட நாற்பது நாளுக்குள், இலை சிறிது வெளுத்தது என்பதற்காகப் பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தை அடிக்க வேண்டாம். அப்பருவத்தில் பயிருக்குப் புது இலை விட்டுத் தேறும் சக்தி உண்டு.

5. வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றை ஊன்றவும். மருந்துக்கோ வறட்சிக்கோ தப்பிய நண்பர்கள் தங்குவதற்கு அது புகலிடமாகும்.

6. புகையான் ஏறுவது தெரிந்தால் முதலில் நீரை வடித்து மூன்று நாலு நாள் வயலைக் காயவிடவும். அடுத்து, ஐந்து சதவிகித வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். ஏக்கருக்குப் பருப்பு பத்துக் கிலோ வேண்டியிருக்கும்.

7. அதற்கும் அடங்காமல் மேற்சொன்ன அளவைத் தாண்டினால் மட்டும், விவசாய அதிகாரியைக் கலந்து, புகையானை மறுபடி பெருகச் செய்யாத மருந்தைத் தேர்ந்து, குத்தின் அடியில் படும்படி அடிக்கவும். வட்டம் விழுந்த இடத்தையும் அதைச் சுற்றிலும் அடித்தால் போதுமா என்று பார்த்த பிறகே வயல் முழுவதும் அடிப்பதைப்பற்றி யோசிக்கவும்.

கிராம அதிகாரிகளுக்கு

பூச்சிக்கு வரப்பும் பட்டாவும் தெரியா. ஒரு வாய்க்காலின்கீழ் சிலர் முன்னும் சிலர் இரண்டு மாதம் பின்னுமாக நட்டால், முதிர்ந்த வயலில் நெருக்கமுற்ற புகையான் சிறகு முளைத்து இளம் பயிருக்குப் பறந்து செல்லும். அதற்கு இரைப் பஞ்சம் என்பதே இராது. ஆகவே தண்ணீர் விடும் நாளையொட்டி மூன்று வாரத்துக்குள் நடவு முடியும்படி பாசனதாரரைக் கூட்டி ஏற்பாடு செய்வது பெரிய உபகாரமாகும்.

ஒருவர் மருந்தடித்ததைக் கண்டு மற்றவரும் பயந்து அடிப்பது கிராமத்தில் நடப்பதே. அவ்வாறான பயம் தோன்றும்போது, நான்கு வயல்களில் மேற்சொன்னபடி எண்ணி, அக்கணக்கைச் சாவடியிலோ சங்கக் கட்டடத்திலோ பலரும் பார்க்கும்படி எழுதி வைத்தால், வேண்டாதவர் செலவு மிச்சமாகும், வேண்டியவர் தாமதிக்கமாட்டார். அக்கணக்கின் பிரதி ஒன்றை விவசாய அலுவலகத்துக்கும் அனுப்பினால், மற்றக் கிராமங்களுக்கு முன்கூட்டி எச்சரிக்கை செய்ய உதவும்.

இவ்வருஷச் சம்பாவில் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு வயலையேனும் இம்முறையில் வாரந்தோறும் எண்ணிப் பார்க்கும்படி நிலச்சுவான்தார்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். எண்ண வேண்டியது இருபது குத்து; செலவாவது அரைமணி நேரம். அடித்தண்டில் புகையானையும் அதன் பக்கத்திலேயே சிலந்தியையும் ஒருமுறை தம் கண்ணால் கண்டவர், மருந்துக் குப்பியைத் திறக்குமுன் இன்னும் ஒருமுறை குனிந்து பார்ப்பார் என்பது என் அனுபவம்.